நாக்கின் அரிய தீங்கற்ற கட்டிகள்: நோயறிதல் எப்படி நடக்கிறது?

நாக்கில் ஒரு சிறு கட்டி தென்பட்டவுடன் பெரும்பாலோர் மனத்தில் எழும் முதல் கேள்வி, அது புற்றுநோயா இல்லையா என்பதுதான். அந்தக் கேள்வி நியாயமானது. நாக்கின் பக்கவாட்டு ஓரமும் அடிப்பரப்பும் வாய்ப்புற்றுநோய் அதிகம் தோன்றும் இடங்கள் என்பதால், அங்கே எழும் எந்த மாற்றத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. இருந்தாலும் நாக்கில் வரும் புடைப்புகள் எல்லாமே புற்றுநோய் அல்ல. உயிருக்கு ஆபத்து விளைவிக்காத வகைகள் ஏராளம். அவற்றுள்ளும், அனுபவமுள்ள பல் மருத்துவர்களும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களும்கூட எப்போதாவது மட்டுமே சந்திக்கும் ஒரு சிறு குழு இருக்கிறது. அந்த அரிய கட்டிகளை எப்படி இனங்காண்கிறார்கள் என்பதை, மருத்துவப் பின்னணி இல்லாதவரும் பின்தொடரும் வகையில் இங்கே விளக்க முயல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: ‘தீங்கற்றது’ என்பது பரிசோதனைகளின் முடிவில் கிடைக்கும் தீர்ப்பு. பார்த்த மாத்திரத்தில் அப்படி முடிவு கட்டிவிட்டு, பிறகு அதற்குச் சான்று தேடுவது தவறான வழி.

தீங்கற்ற கட்டி என்பது, செல்கள் வரம்பு மீறிப் பெருகினாலும், இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ வேறு உறுப்புகளுக்குப் பரவாத, சுற்றியுள்ள திசுக்களை அழித்துக்கொண்டு முன்னேறாத வளர்ச்சியாகும். இப்படிச் சொல்வது எளிது. கண்ணெதிரே இருக்கும் ஒரு சென்டிமீட்டர் அளவிலான கட்டி அந்த வகையைச் சேர்ந்ததா என்று சொல்வதுதான் கடினம். காரணம், நாக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. நாக்கின் பெரும்பகுதி தசை. அந்தத் தசைக்குள் நரம்புகள், இரத்தக் குழாய்கள், நிணநீர்க் குழாய்கள், சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகள், சிறிதளவு கொழுப்பு, நார்த்திசு ஆகிய அனைத்தும் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. இவற்றில் எதிலிருந்து வேண்டுமானாலும் ஒரு கட்டி உருவாகலாம். ஆனால் எதிலிருந்து உருவானாலும் அதன் மேலே போர்த்தியிருப்பது ஒரே சளிப்படலம்தான். அதனால் நரம்பிலிருந்து வந்த கட்டியும் தசையிலிருந்து வந்த கட்டியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே, வழுவழுப்பான, வலியில்லாத, இளஞ்சிவப்பு நிறப் புடைப்பாகத் தெரிகின்றன. கண்ணால் பார்த்துப் பெயர் சொல்லிவிட முடியாததற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

அரிய வகைகளுக்குப் போகும் முன், அடிக்கடி வரும் சிலவற்றை ஒதுக்கிவிட வேண்டும். கட்டி என்று அஞ்சி மருத்துவரிடம் வரும் சிலருக்கு இருப்பது இயல்பான உறுப்பே. நாக்கின் பின்பகுதியில் வி வடிவத்தில் வரிசையாக நிற்கும் 8 முதல் 12 வரையிலான பெரிய சுவை மொட்டுப் புடைப்புகளும், பின்பக்க ஓரங்களில் மடிப்பு மடிப்பாக இருக்கும் புடைப்புகளும், அவற்றையொட்டிய நிணத்திசுவும் சில நேரங்களில் வீங்கிப் பெரிதாகத் தெரியும். எதிர்ப்பக்கத்திலும் அதே இடத்தில் அதே அமைப்பு இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் ஐயம் தீர்ந்துவிடும். அடுத்து, கூரான பல் அடிக்கடி உரசுவதாலோ நாக்கைக் கடித்துக்கொள்வதாலோ உண்டாகும் நார்த்திசுப் புடைப்பு. இதற்கு ஃபைப்ரோமா என்று பெயர் இருந்தாலும், இது உண்மையான கட்டியைவிடத் தழும்புக்கே நெருக்கமானது. உமிழ்நீர் தேங்கி உண்டாகும் நீலச் சாயல் கொண்ட மியூகோசீல், தொட்டாலே இரத்தம் கசியும் பையோஜெனிக் கிரானுலோமா, மனித பாப்பிலோமா வைரஸின் 6, 11 ஆகிய வகைகளோடு தொடர்புடைய பாப்பிலோமா ஆகியவையும் இந்த வரிசையில் வருகின்றன. இவை எதிலும் பொருந்தாத கட்டியே இக்கட்டுரையின் பொருள்.

நோயறிதல் கேள்விகளிலிருந்து தொடங்குகிறது. கட்டி எப்போது முதன்முதலாகத் தெரிந்தது, வளர்கிறதா, அளவு கூடிக் குறைகிறதா, வலி, மரத்துப்போதல், இரத்தக் கசிவு, விழுங்குவதில் தடை, பேச்சில் மாற்றம் உண்டா, குடும்பத்தில் தைராய்டுப் புற்றுநோயோ தோலில் பல நரம்புக் கட்டிகளோ இருந்தவர்கள் உண்டா என்று மருத்துவர் கேட்பார். ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கும் கட்டி ஆறுதல் தரும் அறிகுறி. ஆனால் அது மட்டுமே போதுமான சான்று அல்ல. அதற்கு மாறாக, இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வேகமான வளர்ச்சி, மரத்துப்போதல், நாக்கின் அசைவு குறைதல், கழுத்தில் கெட்டியான நெறிக்கட்டி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதமின்றிப் புற்றுநோய்க்கான பரிசோதனைப் பாதைக்குச் சென்றாக வேண்டும்.

அடுத்தது பார்த்தலும் தொட்டறிதலும். நாக்கை நீட்டச் சொல்லி, அதன் நுனியை ஒரு காஸ் துணியால் மெதுவாகப் பிடித்து, முதலில் ஒருபுறமும் பிறகு மறுபுறமும் திருப்பி, பின்பகுதி ஓரம் வரை நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். பின்னர் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நாக்கை வைத்துக் கட்டியை உணர்வார்கள். இந்தச் சில நொடிகளில் கிடைக்கும் தகவல் மிக முக்கியமானது. கட்டி சளிப்படலத்துக்கு அடியில் உருண்டு நகர்ந்தால், அது உறையால் சூழப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். நகராமல் தசையோடு ஒட்டியிருந்தால், எல்லை தெளிவற்ற ஒன்றாக இருக்கலாம். மெத்தென்று இருப்பது கொழுப்பையோ இரத்தக் குழாயையோ சுட்டும். எலும்பைப் போன்ற கடினம் வேறு சிலவற்றைச் சுட்டும். விரலுக்கடியில் துடிப்பு தெரிந்தால் கத்தி வைக்கும் எண்ணத்தை அப்போதே நிறுத்திவிட வேண்டும். என் பார்வையில், விலை உயர்ந்த ஸ்கேன்களைவிட இந்தத் தொட்டறிதலே பல நேரங்களில் கூடுதல் திசை காட்டுகிறது. ஆனாலும் அவசரமான புறநோயாளிப் பிரிவுகளில் முதலில் விடுபட்டுப் போவதும் இதுதான் என்பது வருத்தம் தருகிறது.

கட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் ஒரு தடயம். நாக்கின் மேற்பரப்பில், முன்பகுதியில் இருக்கும் உறுதியான கட்டி என்றால் சில பெயர்கள் நினைவுக்கு வரும். நாக்கின் அடிவேரில் நடுக்கோட்டில் இருந்தால் முற்றிலும் வேறு பெயர்கள். நுனியிலும் உதடுகளிலும் பல சிறு முடிச்சுகள் சேர்ந்திருந்தால் கவனம் நாக்கைத் தாண்டி உடல் முழுவதற்கும் செல்ல வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகளைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. சில கட்டிகளைச் சோதிக்காமல் வெட்டுவது, வெட்டாமல் விடுவதைவிட அதிகத் தீங்கு செய்யும்.

முதலாவது, இரத்தக் குழாய் சார்ந்த வளர்ச்சிகள். நீலமோ ஊதாவோ கலந்த நிறம், அழுத்தினால் சுருங்கிப் பின் மெல்ல நிரம்புதல், கண்ணாடித் தகட்டால் அழுத்தினால் நிறம் வெளுத்தல், தலையைத் தாழ்த்தும்போது பெரிதாதல் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். நிணநீர்க் குழாய் சார்ந்தவையாக இருந்தால், நாக்கின் மேற்பரப்பில் தவளை முட்டைகள் குவிந்ததுபோல் சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாகத் தெரியும். இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே கவனத்துக்கு வந்துவிடும். இத்தகைய ஐயம் எழுந்தால் முதலில் டாப்ளர் அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் எடுக்க வேண்டும். வேகமான இரத்த ஓட்டம் கொண்ட ஒரு குழாய்க் கட்டியில் நேரடியாகத் திசு எடுக்க முயல்வது, கட்டுப்படுத்தக் கடினமான இரத்தப்போக்கில் முடியலாம்.

இரண்டாவது, நாக்கடித் தைராய்டு. கருவின் தொடக்க வாரங்களில் தைராய்டுச் சுரப்பி நாக்கின் பின்பகுதியில், நடுக்கோட்டில் உள்ள ஒரு சிறு குழியான இடத்தில்தான் உருவாகத் தொடங்குகிறது. அங்கிருந்து அது கழுத்துக்கு இறங்க வேண்டும். சிலருக்கு அந்த இறக்கம் நடைபெறாமல், சுரப்பி நாக்கின் வேரிலேயே தங்கிவிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடமே இது அதிகம் காணப்படுகிறது. உடலுக்குத் தைராய்டு ஹார்மோன் கூடுதலாகத் தேவைப்படும் பூப்புப் பருவத்திலும் கர்ப்ப காலத்திலும் வீங்கி வெளிப்படக்கூடும். தொண்டையில் ஏதோ தங்கியிருப்பது போன்ற உணர்வு, விழுங்கச் சிரமம், குரல் மாற்றம் ஆகியவை இருக்கலாம். இது கட்டியே அல்ல. இடம் மாறிய உறுப்பு. இப்படி உள்ளவர்களில் பெரும்பான்மையினருக்கு, சுமார் 70 விழுக்காட்டினருக்கு, உடலில் வேறெங்கும் தைராய்டுத் திசுவே இருப்பதில்லை. அதைக் கட்டி என்று நினைத்து வெட்டியெடுத்தால், அந்த நபர் வாழ்நாள் முழுவதும் மாத்திரையை நம்பியிருக்க நேரிடும். ஆகவே நாக்கின் வேரில் நடுக்கோட்டில் ஒரு புடைப்பு இருந்தால், கத்தியைத் தொடுவதற்கு முன் கழுத்தில் தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்த்து, இரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவை அறிந்து, டெக்னீசியம் 99எம் அல்லது அயோடின் 123 கொண்டு ஐசோடோப் ஸ்கேன் எடுப்பது முறை. எவ்வளவு எளிய முன்னெச்சரிக்கை இது! இதைத் தவறவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஸ்கேன்கள் பொதுவாக என்ன சொல்லும் என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். கட்டியின் ஆழம், எல்லை, அக்கம்பக்க உறவு ஆகியவற்றை அறிய எம்.ஆர்.ஐ. மிகவும் உதவுகிறது. எம்.ஆர்.ஐ.யில் டி1, டி2 என இரு முறைகளில் படம் எடுக்கிறார்கள். லைப்போமா எனப்படும் கொழுப்புக் கட்டி டி1 படங்களில் பளிச்சென்று தெரிந்து, கொழுப்பின் ஒளியை அடக்கும் முறையில் எடுத்த படத்தில் இருண்டுவிடும். அந்த ஒரு மாற்றமே அதன் அடையாளத்தை ஏறத்தாழ உறுதிசெய்துவிடுகிறது. நரம்புறைக் கட்டி டி1 படத்தில் தசையின் சாயலையும் டி2 படத்தில் பிரகாசத்தையும் காட்டும். ஆனால் வேறு பல கட்டிகளும் அப்படியே காட்டுவதால் பெயர் சொல்ல அது போதாது. எலும்பு சார்ந்தவற்றையும், பழைய சிரைக் கட்டிகளுக்குள் படியும் சுண்ணாம்புத் துகள்களையும் சி.டி. நன்றாகக் காட்டும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த, மேலோட்டமான, நகரும் கட்டிக்குப் பல நேரங்களில் எந்த ஸ்கேனும் தேவைப்படுவதில்லை. மொத்தத்தில் ஸ்கேன் எல்லையைக் காட்டும். பெயரைச் சொல்வது திசுதான்.

திசுப் பரிசோதனை, அதாவது பயாப்ஸி, இருவகையில் நடக்கிறது. சிறியதாகவும் தீங்கற்றதாகவும் தோன்றும் கட்டியை முழுவதுமாக எடுத்து அனுப்பிவிடலாம். பெரியதாக இருந்தாலோ, புற்றுநோய் ஐயம் இருந்தாலோ, ஒரு பகுதியை மட்டும் வெட்டி அனுப்பி, விடை வந்த பிறகே முழு அறுவைச் சிகிச்சையைத் திட்டமிட வேண்டும். ஊசி வழியே செல்களை உறிஞ்சி எடுக்கும் முறை கழுத்து நெறிக்கட்டிகளுக்கு மிகவும் பயன்படுகிறது. நாக்கின் அரிய கட்டிகளுக்கு அதன் பயன் குறைவு, ஏனெனில் செல்கள் எந்த ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை அது காட்டுவதில்லை.

பயாப்ஸியின் தரம் பல சிறு நுணுக்கங்களைச் சார்ந்தது. மரப்பு மருந்தைக் கட்டிக்குள் செலுத்தினால் திசு நீரால் உப்பி உருவம் மாறிவிடும் என்பதால், அதைச் சுற்றிலும் செலுத்த வேண்டும். இடுக்கியால் அழுத்திப் பிடித்தால் செல்கள் நசுங்கி, நுண்ணோக்கியில் நீலக் கீற்றுகளாக மட்டுமே தெரியும். மின்சாரக் கத்தியால் வெட்டினால் ஓரம் கருகி, கட்டி அந்த ஓரம் வரை இருக்கிறதா என்று சொல்ல முடியாமல் போகும். எடுத்த திசுவை உடனே, அதன் கன அளவைப்போல் குறைந்தது 10 மடங்கு உள்ள 10 விழுக்காட்டு ஃபார்மலினில் இட வேண்டும். கொழுப்புக் கட்டியாக இருந்தால் அது அந்தத் திரவத்தில் மிதக்கும். புட்டியைப் பார்த்தவுடனேயே ஒரு தடயம் கிடைத்துவிடும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆழம். மேற்பரப்பிலிருந்து மெல்லியதாகச் சீவியெடுத்த துண்டு, நாக்கைப் பொறுத்தவரை பயனற்றது மட்டுமல்ல, ஆபத்தாகவும் முடியலாம். அது எப்படி என்பதை கிரானுலர் செல் டியூமர் என்ற கட்டி நன்றாகக் காட்டுகிறது.

இந்தக் கட்டியை 1926-இல் ரஷ்ய நோயியல் அறிஞர் அலெக்சேய் அப்ரிகோசாஃப் விவரித்தார். உடலின் எந்தப் பகுதியிலும் இது வரலாம் என்றாலும், தனியொரு உறுப்பாக எடுத்துக்கொண்டால் நாக்கில்தான் மிக அதிகம் காணப்படுகிறது. பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. நாக்கின் மேற்பரப்பில், பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்குள், உறுதியான, வலியற்ற, சில நேரம் சற்றே மஞ்சள் படர்ந்த புடைப்பாக இருக்கும். அப்ரிகோசாஃப் இதைத் தசையின் மூலச் செல்களிலிருந்து வந்ததாகக் கருதினார். தசை நார்களுக்கு நடுவே செல்கள் கலந்து கிடப்பதைப் பார்த்தால் அந்த எண்ணம் இயல்பானதே. பிற்கால ஆய்வுகள் இவை நரம்பிழைகளைப் போர்த்தும் ஷ்வான் செல்களைச் சார்ந்தவை என்று நிறுவின.

இதன் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதாகக் கொள்வோம். குறைந்த உருப்பெருக்கத்தில் மேலே சளிப்படலத்தின் மேலணித் திசு. அதற்குக் கீழே வெளிறிய இளஞ்சிவப்புப் பரப்பு. உருப்பெருக்கத்தைக் கூட்டினால், அந்தப் பரப்பு பெரிய பல்கோணச் செல்களால் ஆனது என்று தெரிகிறது. ஒவ்வொரு செல்லின் உட்புறமும் நுண்ணிய மணிகளால் நிரம்பியிருக்கிறது; நடுவில் சிறிய, கருத்த, அமைதியான உட்கரு. இந்த மணிகள் செல்லின் கழிவுகளைச் செரிக்கும் லைசோசோம்கள். செல் பிரிதல் அநேகமாகக் கண்ணில் படுவதில்லை. செல்கள் கூட்டங்கூட்டமாகத் தசை நார்களுக்கு இடையே புகுந்திருக்கின்றன. சுற்றிலும் உறை இல்லை. இப்போது பார்வையை மேலே நகர்த்தினால்தான் சிக்கல் தெரியும். கட்டியின் தூண்டுதலால் மேலணித் திசு தடித்து, விரல் விரலாகக் கீழ்நோக்கி இறங்கியிருக்கிறது. கணிசமான நோயாளிகளிடம் காணப்படும் இந்தப் போலிப் பெருக்கம், செதில் செல் புற்றுநோய் கீழே ஊடுருவுவதைப் போலவே தோற்றமளிக்கும். பயாப்ஸி எடுத்தவர் மேற்பரப்பை மட்டும் சீவி அனுப்பியிருந்தால், நோயியல் நிபுணரின் கண்முன் இருப்பது அந்த விரல்கள் மட்டுமே. மணி நிரம்பிய செல்கள் துண்டில் இல்லவே இல்லை. அந்நிலையில் அது புற்றுநோய் என்று அறிக்கை வந்துவிடலாம். தேவையேயில்லாத பெரிய அறுவைச் சிகிச்சைக்கு அது வழிவகுக்கும். இத்தகைய தவறுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சில மில்லிமீட்டர் ஆழம் ஒருவரின் நாக்கைக் காக்கிறது என்று சொன்னால் அது மிகையல்ல.

நுண்ணோக்கியில் எழுந்த கருத்தை உறுதிசெய்ய, இம்யூனோ ஹிஸ்டோகெமிஸ்ட்ரி என்ற சாயப் பரிசோதனை செய்கிறார்கள். குறிப்பிட்ட புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் திசுவின் மீது இட்டு, அது ஒட்டிய இடங்களைப் பழுப்பு நிறமாகக் காட்டுவது இதன் முறை. கிரானுலர் செல் டியூமரில் எஸ்-100, சாக்ஸ்-10 ஆகிய இரண்டும் வலுவாக நிறமேறும். இரண்டும் நரம்புறை மரபைச் சுட்டுபவை. தசைக்குரிய டெஸ்மின் நிறமேறாது. இந்தச் சோதனை ஏன் தேவை என்றால், முதிர்ந்தோரின் ராப்டோமயோமா என்ற தசைக் கட்டியும் பெரிய, இளஞ்சிவப்பான செல்களைக் கொண்டது. அதில் டெஸ்மின் நிறமேறும், எஸ்-100 பொதுவாக நிறமேறாது. ஆக, அப்ரிகோசாஃப் காலத்தில் கண்ணால் பிரிக்க முடியாமலிருந்த இரண்டு இன்று இரண்டு சாயங்களால் பிரிந்துவிடுகின்றன.

இந்தக் கட்டியில் மிகச் சிறு பங்கு, 2 விழுக்காட்டுக்கும் குறைவாக, தீய தன்மை கொண்டது. அதைக் கண்டறிய 1998-இல் முன்வைக்கப்பட்ட ஆறு அளவுகோல்கள் பயன்படுகின்றன: திசு அழிவு, செல்கள் கதிர் வடிவம் கொள்ளுதல், உட்கருவுக்குள் பெரிய உட்கருமணி, கூடுதலான செல் பிரிதல், செல்லோடு ஒப்பிடுகையில் உட்கருவின் அளவு மிகுதல், உட்கருக்களின் உருவ வேறுபாடு. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தீயதாக வகைப்படுத்துகிறார்கள்.

நரம்பு சார்ந்த மற்றக் கட்டிகளில் ஷ்வானோமா, அதாவது நரம்புறைக் கட்டி, குறிப்பிடத்தக்கது. வாய்க்குள் இது வரும்போது அதிகம் தேர்ந்தெடுக்கும் இடம் நாக்கே. இது உறையால் சூழப்பட்டிருப்பதால் அறுவையின்போது எளிதாக உரிந்து வரும். நுண்ணோக்கியில் இருவகைப் பரப்புகள் தெரியும்: செல்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட ஆண்டனி ஏ, தளர்வாகச் சிதறிய ஆண்டனி பி. நெருக்கமான பகுதியில் உட்கருக்கள் எதிரெதிராக வரிசை கட்டி நிற்க, நடுவில் உட்கருவற்ற இளஞ்சிவப்புப் பட்டை இருக்கும்; 1910-இல் இதை விவரித்த வெரோகாயின் பெயரால் இது வெரோகாய் உடலம் எனப்படுகிறது. எஸ்-100 பரப்பு முழுவதும் நிறமேறும். இந்த அடையாளங்கள் இருந்தால் ஐயத்துக்கே இடமில்லை. நியூரோஃபைப்ரோமா வேறு வகை: உறையற்றது, அதன் செல்களில் ஒரு பகுதி மட்டுமே எஸ்-100 நிறமேறும். இது தனியாகவும் வரலாம், நியூரோஃபைப்ரோமாட்டோசிஸ் முதல் வகை என்ற மரபணு நோயின் பகுதியாகவும் வரலாம். ஆகவே இந்த முடிவு வந்தால் தோலில் காப்பி நிறத் தேமல்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது மருத்துவரின் கடமை.

இந்தக் குடும்பத்தில் நான் மிக முக்கியமானதாகக் கருதுவது, சளிப்படல நியூரோமா. நாக்கின் நுனியிலும் முன்பக்க ஓரங்களிலும் உதடுகளிலும் சிறு சிறு முடிச்சுகளாகக் குழந்தைப் பருவத்திலேயே தோன்றும். அவற்றால் எந்தத் துன்பமும் இல்லை. வெட்டியெடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் பல முடிச்சுகள் இருப்பது, பல ஹார்மோன் சுரப்பிகளில் கட்டிகளை உண்டாக்கும் மென் 2பி என்ற மரபணு நோயின் முதல் வெளிப்பாடாக இருக்கக்கூடும். ரெட் என்ற மரபணுவின் 918-ஆம் இடத்தில் ஏற்படும் ஒரே ஒரு மாற்றம்தான் பெரும்பாலான நோயாளிகளில் இதற்குக் காரணம். அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு மெடுல்லரி தைராய்டுப் புற்றுநோய் மிக இளம் வயதிலேயே உருவாகிறது. பிற்காலத்தில் அட்ரீனல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியும் வரலாம். குழந்தை அழும்போது கண்ணீர் வராமை, கடுமையான மலச்சிக்கல், தடித்த உதடுகள், நீண்டு மெலிந்த கைகால்கள் ஆகியவை உடனிருக்கலாம். இந்த வகை மரபணு மாற்றம் உறுதியானால் முதல் வயதுக்குள்ளேயே தைராய்டை அகற்றப் பரிந்துரைக்கிறார்கள். பெற்றோரிடம் இம்மாற்றம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகவே தோன்றுவது பெரும்பான்மை என்பதால், குடும்ப வரலாறு எச்சரிக்காது. நாக்கின் முடிச்சுகளே எச்சரிக்கும். துன்பம் தராத அந்தச் சின்னஞ்சிறு புடைப்புகளின் பொருளைப் புரிந்துகொள்ளும் ஒரு பல் மருத்துவரால் ஒரு குழந்தையின் உயிர் காக்கப்படலாம்.

மிகச் சமீப காலத்தில் தனி நோயாக அங்கீகாரம் பெற்ற ஒரு கட்டியும் உண்டு. எக்டோமெசன்கைமல் காண்ட்ரோமிக்ஸாய்டு டியூமர் என்ற நீண்ட பெயர் கொண்ட இது, 1995-இல்தான் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஏறத்தாழ நாக்கின் மேற்பரப்பின் முன்பகுதிக்கே உரியது போல அங்கேயே தோன்றுகிறது, மெல்ல வளர்கிறது, வலிப்பதில்லை. கொழகொழப்பான ஊடகத்தில் கதிர் வடிவ, நட்சத்திர வடிவச் செல்கள் சிறு மடல்களாகப் பிரிந்து கிடக்கும். வழக்கமாக மூளைத் திசுவில் எதிர்பார்க்கப்படும் ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதம் இதில் நிறமேறுவது வியப்பளிக்கும் அடையாளம். உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வரும் மயோஎபிதீலியோமாவும் ஏறத்தாழ இப்படியே தோன்றுவதால் குழப்பம் நேரும். பெரும்பாலான நோயாளிகளின் கட்டியில் ஆர்.ஆர்.ஈ.பி.1, எம்.ஆர்.டி.எஃப்.பி. ஆகிய இரு மரபணுக்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பது பின்னர் கண்டறியப்பட்டதால், மூலக்கூறு பரிசோதனையின் மூலம் இன்று அதைத் தீர்மானிக்க முடிகிறது.

எலும்பு கொரிஸ்டோமா இன்னொரு விந்தை: நாக்கின் பின்பகுதியில், தைராய்டு தொடங்கும் அதே குழிக்கு அருகில், முதிர்ந்த எலும்புத் திசு ஒரு சிறு முடிச்சாக வளர்ந்திருக்கும். 1913-இல் முதலில் விவரிக்கப்பட்டபோது இதை எலும்புக் கட்டி என்றே கருதினார்கள். இயல்பான திசு தவறான இடத்தில் வளர்ந்திருப்பதே இது என்ற கருத்தின் அடிப்படையில் 1971-இல் இப்போதைய பெயர் முன்மொழியப்பட்டது. தொண்டையில் ஏதோ உறுத்துவதாகவும் குமட்டுவதாகவும் சொல்லி வருவார்கள். எலும்பை அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கிய பிறகே நுண்சீவல் எடுக்க முடியும் என்பதால், இதன் அறிக்கை சில நாட்கள் தாமதமாகும். லைப்போமா, லியோமயோமா என்ற மென்தசைக் கட்டி, சாலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர் என்ற நார்த்திசுக் கட்டி ஆகியவையும் நாக்கில் அரிதாக வருகின்றன. இவற்றில் கடைசியாகச் சொன்னதை ஸ்டாட்-6 சாயம் செல்லின் உட்கருவில் ஏறுவதைக் கொண்டு அறிகிறார்கள். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளைப் பற்றி ஒரு சொல்: அண்ணத்திலும் காதடிச் சுரப்பியிலும் தீங்கற்ற பிளியோமார்ஃபிக் அடினோமா மிகுதி, ஆனால் நாக்கில் வரும் சுரப்பிக் கட்டிகளில் தீயவையே கூடுதல். அதனால் நாக்கிலிருந்து எடுத்த துண்டில் சுரப்பிக் கட்டி தெரிந்தால், நோயியல் நிபுணர் அது அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா போன்ற சுரப்பிப் புற்றுநோய் இல்லை என்று தமக்குத்தாமே நிறுவிக்கொண்ட பிறகே தீங்கற்றது என்று எழுத வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் நோயாளி கவனிக்க வேண்டியவை சில உள்ளன. கட்டியின் பெயர், அளவு, வெட்டிய ஓரங்களில் கட்டி எஞ்சியிருக்கிறதா என்ற குறிப்பு, செய்த சாயப் பரிசோதனைகளின் முடிவு ஆகியவை அதில் இருக்கும். கிரானுலர் செல் டியூமர் போன்ற உறையற்ற கட்டிகளில் ஓரத்தில் செல்கள் எஞ்சியிருப்பதாக அறிக்கை சொன்னால் அஞ்ச வேண்டியதில்லை. எல்லோருக்கும் அது திரும்ப வளர்வதில்லை. ஆனாலும் குறித்த இடைவெளிகளில் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். அறிக்கையின் முடிவும் மருத்துவர் விரலால் உணர்ந்ததும் ஒத்துப்போகவில்லை என்றால், எடுத்துக்காட்டாக ஆழத்தில் கெட்டியான கட்டி இருந்தும் அறிக்கை வெறும் அழற்சி என்று சொன்னால், துண்டு சரியான இடத்திலிருந்து எடுக்கப்படவில்லை என்றே கொண்டு, மறுபடியும் திசு எடுப்பதுதான் முறை. ஐயம் தொடர்ந்தால் வாய் நோயியலில் தேர்ந்த வேறொருவரின் கருத்தைக் கேட்கலாம். அதற்குப் புதிதாக நாக்கை வெட்ட வேண்டியதில்லை: முதல் பயாப்ஸியின் திசு மெழுகுக் கட்டியில் பதிக்கப்பட்டு ஆய்வகத்தில் பாதுகாக்கப்படுகிறது, அதிலிருந்து புதிய சீவல்கள் எடுத்துக் கூடுதல் சாயங்களையும் மரபணுச் சோதனைகளையும் ஆண்டுகள் கழிந்த பின்னும் செய்ய முடியும். கண்ணாடித் தகடுகளையும் அந்த மெழுகுக் கட்டியையும் மறு ஆய்வுக்கு அனுப்பித் தரும்படி நோயாளி தம் மருத்துவர் வழியாக ஆய்வகத்திடம் கேட்கலாம்.